பழவண்டியைக் கவிழ்த்துவிட்டுப் பறந்துபோன வீரர் பற்றி

மதிப்பிற்குரிய காமிக்ஸ் ஆசிரியர் அவர்களுக்கு, கடியப்பட்டணத்திலிருந்து சிலுவைதாசன் ஸ்தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கே கடலும் நாங்களும் சுகம். தாங்களும் சுகமாயிருக்க அந்தோணியாரிடம் வேண்டியிருக்கிறேன். இந்தக் கடிதத்தை வாசித்த பிறகும் அப்படியே இருக்கவும்.

தாங்கள் மறுபதிப்பு செய்யும் அந்தக் காலத்து வீரர் கதைகளை என் மைத்துனன் ஜான்ரோஸ் ஒன்று விடாமல் வாங்குகிறான். பேரன் எடுத்த வயது. அது அவன் பாடு என்றிருந்தேன். போன மாதம் கடலில் விழுந்த ஒரு ஆளைத் தூக்க அவன் வள்ளத்தை விரட்டியதில் எஞ்சின் விசிறி என் வலையைக் கிழித்துவிட்டது. எங்கள் கரையில் வழக்கம் ஒன்றுதான்: கிழித்தவர் உட்கார்ந்து பின்னித் தரவேண்டும். நான் நியாயம் கேட்டால், இவன் கோவில் முற்றத்தில் ஊர்க்கூட்டத்தின் முன்னால் உங்கள் புத்தகத்தை விரிக்கிறான். "பாரும் மச்சான், பாலத்த ஒடிச்சுதான் பிள்ளையக் காப்பாத்துனாரு. திரும்பி வந்து கொத்தனார் வேலை பாத்தாரா?" பெரியவர்களோ தீர்ப்பை விட்டுவிட்டுப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள். அன்றைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு போன ஜான்ரோஸ் அதன்பிறகு எங்கள் வீட்டுப்படி ஏறவில்லை. தை மாதம் என் மகள் பிரீனாவுக்குக் கல்யாணம். தாய்மாமன் இல்லாத கல்யாணத்தில் நான் எந்த முகத்தோடு நிற்பது?

சரி என்று நானும் வாசித்தேன். முன்னுரையில் 'தீமை வீழ்ந்தது, சமநிலை திரும்பியது' என்று எழுதியிருக்கிறீர்கள். யாருக்குத் திரும்பிச்சு? கழுத்துல துண்டக் கட்டிக்கிட்டுப் பறக்குற மனுசன் ஒரு பழவண்டியக் கவுத்துப்போடுதாரு, அடுத்த பக்கத்துல வண்டியுமில்ல வண்டிக்காரனுமில்ல, ஊரே கைதட்டிக்கிட்டு நிக்குது. அவ்வளவு பலம் உள்ளவரு ஒரு ஆரஞ்சக் குனிஞ்சு எடுத்தா கொறஞ்சா போவாரு? வில்லனாவது சொல்லிட்டுக் கெடுக்கான். ஆகையால் அடுத்த புத்தகத்தில் வீரர் சம்மணம் போட்டு உட்கார்ந்து எதையாவது பழுதுபார்ப்பதாக ஒரேயொரு படம் போடும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். அதைக் காட்டி இவனை வழிக்குக் கொண்டுவந்துவிடுவேன்.

தங்கள் வீட்டாருக்கும் அச்சு இயந்திரத்துக்கும் மாதா துணை இருக்கட்டும்.

இப்படிக்கு,
சிலுவைதாசன்

பி.கு.: கடலில் விழுந்த ஆள் யார் என்று எழுதாமல் உறையை ஒட்டக் கூடாது என்று என் மனைவி வியாகுலம்மாள் பசையைப் பிடுங்கி வைத்திருக்கிறாள். நான்தான். கால் என் வலையிலேயே சிக்கியிருந்தது. முடியைப் பிடித்துத் தூக்கும்போது ஜான்ரோஸ், "மச்சான், வலை போச்சே" என்றான். "வலை கெடக்கட்டும்டே, என்ன விட்டிராத" என்று நான் அழுதேன். அவன் அதைக் கூட்டத்தில் சொல்லவே இல்லை. படம் எதுவும் போட வேண்டாம். அடுத்த புத்தகம் வந்ததும் ஒரு பிரதியை என் பெயருக்கு அனுப்பவும். அவன் வீட்டுக்கு நான் வெறுங்கையோடு போக முடியாது.