தொடாதீங்க மேஸ்திரி

மனிதர்களைவிடக் கார்க் கதவை அதிகம் மதித்தவர் திருச்சி ஜில்லாவிலேயே ஒருவர்தான் இருந்திருப்பார். உறையூர் மோட்டார் பட்டறையில் நான் குமாஸ்தாவாக இருந்தபோது, அங்கே பெயிண்ட் அடித்தவர் அவர். பெயர் என்னவோ இருந்தது. ‘தொடாதீங்க மேஸ்திரி’ என்றால்தான் தெரியும். அவர் கைபட்ட வண்டியை முதலாளி தொட்டாலும் அதட்டல் விழும். ஒரு தடவை ஈரக் கதவில் ஒரு ஈ உட்கார்ந்துவிட்டது. அது தானாக எழுந்து போகும்வரை மூச்சடக்கி நின்றார். விரட்டினால் பதறிப்போய்க் காலைப் பெயிண்டில் இழுத்துக் கோடு போட்டுவிடுமாம்.

ஸ்ரீரங்கத்து வக்கீல் ஒருவர் வீட்டில் பெண்ணுக்குக் கல்யாணம். அன்று சாயங்காலம் ஜானவாசம். மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வக்கீலின் திறந்த கார். வெயிலில் நின்று நின்று அதன் வலப்பக்கப் பின்கதவில் பெயிண்ட் வறண்ட குளம்போல வெடித்திருந்தது. வெடிப்பு தெரியாமல் மேலாக ஒரு பூச்சு பூசித் தரச் சொல்லி, காலையில் அனுப்பியிருந்தார். பொழுது சாய்வதற்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் பொறுப்பு.

நான் காபி குடித்துவிட்டு வருவதற்குள் மேஸ்திரி கதவைத் தகரம் தெரியச் சுரண்டியிருந்தார். “என்ன மேஸ்திரி இது? சாயங்காலம் ஜானவாசம்!” என்றேன்.

“வெடிப்பு மேலயே பூசினா, பூச்சும் சேர்ந்து வெடிக்குங்க” என்றார் நிதானமாக.

பட்டி தடவினார், காயவிட்டார், உப்புத்தாளால் தேய்த்தார், மறுபடியும் தடவினார். நான் வெயிலையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெயிண்ட் அடிக்கும் நேரத்தில் தூசி கிளம்பக் கூடாதென்று தெருவில் ஒரு வைக்கோல் வண்டியை அவர் மறிக்க, அது கைகலப்பு வரைக்கும் போய்விட்டது.

கார் புறப்பட்டபோது கதவில் முகம் பார்க்கலாம். ஆனால் முழுக்கக் காயவில்லை. விரல் பட்டால் ரேகை பதியும். மேஸ்திரியும் கூடவே ஏறிக்கொண்டார்.

தொடாதே என்று பிறரிடம் சொல்லியே பழகிய ஸ்ரீரங்கத்து வீதியில், அத்தனை பேரிடமும் “தொடாதீங்க” என்று சொல்லிக்கொண்டு அவர் கதவை மறித்து நின்றார். பையன் வலப்பக்கமாகத்தான் ஏறுவான், அதுதான் சுபம் என்றார் மாப்பிள்ளையின் மாமா. இடப்பக்கமாக ஏறட்டும் என்றார் மேஸ்திரி. மேளம் நின்றுபோயிற்று. வக்கீலுக்கு வேர்த்துக் கொட்டியது.

“யாருய்யா இவன், மாப்பிள்ளையை மறிக்கறதுக்கு?” என்றார் மாமா.

“கதவுக்காரனுங்க” என்றார் மேஸ்திரி.

மாமா அங்கவஸ்திரத்தை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, எல்லாரும் ஜாகைக்குத் திரும்பலாம் என்றார். அப்போது மாப்பிள்ளையே முன்னால் வந்தார்.

“எங்கே படக்கூடாதுன்னு சொல்லுங்கோ. படாம ஏறிடறேன்.”

மேஸ்திரி குனிந்து, கைப்பிடியை மட்டும் இரண்டு விரலால் பிடித்துக் கதவைத் திறந்தார். மாப்பிள்ளை கோட்டு முனையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, வலது காலை எடுத்து வைத்து ஏறினார். மேளம் மறுபடியும் தொடங்கியது. எனக்கும் மூச்சு வந்தது.

ஊர்வலம் முடியும்வரை மேஸ்திரி கதவை ஒட்டியே நடந்தார். பிள்ளை வீட்டுப் பெரியவர் போலிருக்கிறது என்று யாரோ சந்தனம் நீட்டினார்கள். கதவில் ஒட்டிவிடும் என்று அதையும் வாங்கவில்லை.

திரும்பும்போது காவேரிப் பாலத்தில் மெதுவாகக் கேட்டார்: “மாப்பிள்ளைப் பையன் பாக்க எப்படிங்க இருந்தாரு?”

வீதி வீதியாகப் பக்கத்திலேயே நடந்தவர், ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை! நல்ல லட்சணம், சிரித்த முகம் என்றேன்.

“அந்தப் பொண்ணு கொடுத்து வச்சதுங்க” என்றார்.

இப்போதும் எங்கேயாவது ஜானவாசக் கார் எதிர்ப்பட்டால், எல்லாரும் மாப்பிள்ளையைப் பார்ப்பார்கள். என் கண் கதவோரத்துக்குத்தான் போகும்.