இரண்டு காலையும் கூட்டினால் பூஜ்யம்

பாசமுள்ள அக்காவுக்கு,

தையல்காரத் தம்பி எழுதிக்கொள்வது. இங்கே நான், என் வீட்டுக்காரி, இரண்டு மெஷின்கள் எல்லாரும் நலம். நீயும் அத்தானும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீ போனை எடுக்காததால் நம்ப மட்டும்தான் முடிகிறது.

அத்தானின் பணி ஓய்வு விழாவுக்கு நான் தைத்த பேண்டில் இடது கால் இரண்டு இஞ்ச் நீளம், வலது கால் இரண்டு இஞ்ச் குட்டை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அப்போதே கவனித்து, கடை நோட்டில் கூட்டல் இரண்டு, கழித்தல் இரண்டு என்று நேர்மையாக எழுதிக் கூட்டிப் பார்த்தேன். பூஜ்யம் வந்தது. பூஜ்யம் வந்த உருப்படியை எந்தத் தையல்காரன் பிரிப்பான்? அத்தான் மேடையில் நீளக் காலை மிதித்துத் தடுமாறியதையும், மயக்கம் என்று நினைத்து நாலு பேர் நாற்காலியோடு ஓடி வந்ததையும், ஒரு மாதமாகக் கண்ணாடி முன் நின்று மனப்பாடம் செய்த நன்றியுரையை மேலாளர், பரவாயில்லை சார் ரெஸ்ட் எடுங்க என்று கையிலிருந்து வாங்கி வைத்துக்கொண்டதையும் கேள்விப்பட்டு நான் அழுதேன் அக்கா, சத்தியமா அழுதேன். அழுதுவிட்டு நோட்டைப் பார்த்தேன். அப்போதும் பூஜ்யம்தான்.

வெள்ளிக்கிழமை குரூப் போட்டோ மறுபடி எடுக்கிறார்கள், அதற்குள் சரியாகாவிட்டால் எனக்குத் தம்பியே இல்லை என்று சீட்டு எழுதிப் பேண்டுக்குள் வைத்து அனுப்பினாயே, அதை என் வீட்டுக்காரி படித்துவிட்டாள். ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறவளிடம் எதை மறைக்க முடியும்? அளவு டேப்பை மேசைமேல் விரித்து, சரியான அளவில் ஒரு குண்டூசியைக் குத்தினாள்.

"இதுதாங்க பூஜ்யம். இந்தப் பக்கம் போனாலும் ரெண்டு, அந்தப் பக்கம் போனாலும் ரெண்டு. தூரத்துல ஏதுங்க கழித்தல்?"

இதற்குத் தனிமதிப்பு என்று பேராம். எண்ணுக்கு இரு பக்கமும் ஒவ்வொரு கோடு நிறுத்திவிட்டால் கழித்தல் குறி தானாகக் கழன்றுகொள்ளுமாம். ஆகவே மொத்தத் தப்பு பூஜ்யம் இல்லை, நாலு என்றாள். இருபது வருஷமா கத்திரி பிடிக்கிறேன், அன்னிக்குத்தான் எனக்கு வெக்கமாப் போச்சு.

இன்னொன்றும் சொன்னாள். உன் வீட்டிலிருந்து என் கடைக்கு எத்தனை பஸ் நிறுத்தமோ, என் கடையிலிருந்து உன் வீட்டுக்கும் அத்தனைதானாம். அதனால் யார் முதலில் வருவது என்று வீம்பு பிடிக்காமல் வியாழக்கிழமை காலையில் நானே பேண்டோடு வருகிறேன். கதவை மட்டும் திற. நீ பேசாத இந்த எட்டு நாளா எனக்கு ஒரு வேலையும் ஓடலை அக்கா.

அத்தானுக்கு என் வணக்கம். உங்கள் இருவர் ஆசியும் எனக்கும் என் கத்திரிக்கும் வேண்டும்.

உன் தம்பி

பின்குறிப்பு: பேண்டைச் சரிசெய்தாயிற்று. தப்பு நாலு இஞ்ச் என்று உறுதியானதால், குட்டைக் காலை நாலு இஞ்ச் ஒட்டுப் போட்டு நீட்டி, நீளக் காலில் நாலு இஞ்ச் வெட்டிவிட்டேன். என் வீட்டுக்காரி இப்போதுதான் இஸ்திரி போட எடுத்தாள். எடுத்தவள் இரண்டு காலையும் சேர்த்துவைத்துப் பார்த்து, இஸ்திரிப்பெட்டியை அணைத்துவிட்டு, வியாழக்கிழமை தானும் வருவதாகவும், நான் தெருமுனையிலேயே நின்றால் போதும் என்றும் சொல்கிறாள்.