பராசக்திக்குத் தெரியாமல் எழுதின மரணசாதனம்

நான் சாகப்போறன் எண்டு முடிவெடுத்தன். பயப்பிடாதேங்கோ, இண்டைக்கில்லை. எப்பவாவது. ஆனால் அதுக்கு முதல் என்ரை கிணத்தடிக் காணியை மகள் சாருஜாவுக்கு மரணசாதனம், அதுதான் உயில், எழுதிப்போட்டுத்தான் மற்ற அலுவல்.

வீடு மனுசி பராசக்தியின்ரை சீதனம். அதிலை எனக்கெண்டு இருக்கிறது ஒரு சாய்மனைக்கதிரை. அவ கூட்ட வந்தால் அதுவுமில்லை. காணிதான் அப்பர் விட்ட முதுசம், என்ரை ராச்சியம். அதிலை முந்திரிகைக் கொடி, அதுதான் திராட்சை, நட்டு, பந்தல் போட்டு, குலைகுலையாக் காய்க்கப் பண்ணினவள் சாருஜா. மூத்தவன் நிருஷன் கனடாவிலை. அவன் முந்திரிகைக் குலையைக் கடையிலைதான் கண்டிருப்பான்.

ஒருநாள் பராசக்தி தேங்காய் துருவிக்கொண்டு வெடியைக் கொளுத்திப் போட்டா.

"இஞ்சாருங்கோ, காணி நிருஷனுக்குத்தான். நீங்கள் ஒரு நொத்தாரிசின்ரை படலையும் மிதிக்கக்கூடாது. சொல்லிப்போட்டன்."

"ஓமப்பா."

வாய் ஓம் எண்டுது. கால் செருப்பைத் தேடுது.

உறுதி எண்ட காணிப் பத்திரமும் மரணசாதனமும் எழுதிற லோயரைத்தான் நாங்கள் நொத்தாரிசு எண்டுறது. முதல் போனது ஒரு கிழவரிட்டை. மனுசன் நித்திரையிலை மூக்காலை கதைச்சுது.

"தம்ம்பீ... நீர் பராசக்தீன்ரை மனுசனெல்லோ? அவ எனக்கு மச்சாள் முறையெல்லோ..."

அவர் மற்றக் கண்ணைத் திறக்க முதல் நான் றோட்டிலை.

அடுத்தவர் கோர்ட்டு வாசல் லோயர். கதை றெயில் மாதிரி. "காணியோ வழக்கோ விவாகரத்தோ கெதியாச் சொல்லும்!" கடைசியாச் சொன்னது எவ்வளவு நாளெடுக்கும் எண்டு கேக்க வாய் உன்னிச்சுது. விழுங்கிக்கொண்டு வந்திட்டன்.

பின்னேரம் பக்கத்து வீட்டுச் சிவகரன் வேலிக்கு மேலாலை தலையை நீட்டினான்.

"அண்ணை, லோயர் தேடுறியள் போலை."

"உனக்கு ஆர் சொன்னது?"

"முகம் சொல்லுதண்ணை. மானிப்பாயிலை கீர்த்திகா எண்டொரு பிள்ளை. ஆறுதலாக் கேட்டு எழுதும். அக்காவுக்குச் சொந்தமுமில்லை. ரெண்டு சாட்சி வேணும், நானும் முன்வீட்டு முத்துக்குமாரு அண்ணையும் வாறம்."

அடுத்தநாள் முருகன் என்ரை பக்கம் நிண்டான். பராசக்தியின்ரை இடுப்பை விட்டு இறங்காத அலுமாரித் திறப்பு பூட்டிலையே தொங்குது. காணி உறுதி சீலைக்கு மேலை கிடக்குது. சேட்டு அயன் போட்டபடி. பொக்கற்றுக்குள்ளை பாத்தால் அடையாள அட்டை!

"ஆசுப்பத்திரிக்குப் போறன், பிரஷர் பாக்க."

"போட்டு வாங்கோ. குடையைக் கொண்டு போங்கோ."

கீர்த்திகா சின்னப் பிள்ளை, ஆனால் கேள்வி பெரிசு. "ஐயாவுக்கு வேறை கலியாணம் ஏதும்...?"

"பிள்ளை, ஒண்டுக்கே மூச்சு வாங்குது."

எழுதி முடிச்சு, ஆறுதலா வாசிச்சுக் காட்டிப்போட்டுப் பேனையைத் தராமல் பிடிச்சுக்கொண்டு கேட்டாள்.

"ஐயா, இது உங்கடை சொந்த விருப்பமோ? ஆரும் வெருட்டினவையோ, ஏவி விட்டவையோ?"

நான் நெஞ்சை நிமித்தினன். "என்னையோ? என்ரை வீட்டிலை நான் சொன்னால் சொன்னதுதான்! மனுசிக்கே தெரியாது!"

சிவகரனுக்குப் புரைக்கேறிச்சுது. முத்துக்குமாரு அண்ணை மேலை சுத்திற காத்தாடியைப் பாத்தார்.

வீட்டை வந்து, பூனை மாதிரி அலுமாரியடிக்குப் போறன்.

"பிரஷர் எப்பிடி?" பின்னாலை பராசக்தி.

"நல்லாயிருக்கு."

"சாருஜாவின்ரை பேரைக் கீர்த்திகா பிழையில்லாமல் எழுதினவளோ?"

உறுதி கையாலை விழுந்திட்டுது.

"உமக்கு... எப்பிடி?"

"வீட்டை நான் போனமாசமே அவளிட்டைத்தான் சாருஜாவுக்கு எழுதினனான். நிருஷனும் போனிலை சந்தோசமெண்டிட்டான்."

"அப்ப காணி நிருஷனுக்கெண்டு நிண்டது?"

"சாருஜாவுக்கு எழுதுங்கோ எண்டால் பொங்கலுக்குப் பொங்கல் 'பாப்பம், பாப்பம்' எண்டிருப்பியள். கூடாதெண்டன், ஊரெல்லாம் ஓடினியள். திறப்பு தானா நடந்து போய்த் தொங்கினதெண்டு நினைச்சியளே?"

"சிவகரன்...?"

"அவனுக்கு முந்தநாளே தோசை குடுத்தாச்சு."

அந்த நேரம் பாத்துச் சாருஜா கடகம் நிறைய முந்திரிகையோடை வந்தாள். "அப்பா, முதல் வெட்டு. சாப்பிட்டுப் பாருங்கோ. வாறமுறை அடுத்த பந்தலும் போடுவம்." வாயிலை போட்டன். தேன்! நான் செத்தாலும் இந்தக் காணி சாகாது.

ஆனால் கீர்த்திகாப் பிள்ளை, அந்தக் கடைசிக் கேள்வியை இன்னொருக்கா என்னட்டைக் கேளணை.