சூதாட்டப் பகடைக்குப் பழனி விபூதி

மங்கலாக எதைப் பார்த்தாலும் எனக்குக் கை துறுதுறுவென்று இருக்கும். தேய்த்துப் பளபளக்க வைக்காமல் விடமாட்டேன். இது ஒரு வியாதி என்பார் என் கணவர். (அவருடைய ஷூவுக்குப் பாலிஷ் போடும்போது மட்டும் சொல்லமாட்டார்.)

எண்பதுகளில், நியூஜெர்சியில் நடந்த ஒரு இன்டர்வியூவில் அந்த வியாதி முற்றிவிட்டது. அப்போது எடிசனில் இருந்தோம். அவர் படித்துக்கொண்டிருந்தார். எனக்குக் கிரீன் கார்டு இருந்தது, பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி இருந்தது, வேலைதான் இல்லை. இதுவும் கிடைக்காவிட்டால், அவர் படிப்பு முடியும்வரை நான் மெட்ராஸில் மாமியாரோடு இருப்பது என்று முடிவாகியிருந்தது. மாமியார் தங்கமானவர்தான். ஆனால் இவரை விட்டுவிட்டுப் போவதை நினைத்தாலே எனக்கு அழுகை வந்தது.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. எதையும் தொடாதே" என்று சொல்லி, இன்டர்வியூ அன்று கம்பெனி வாசலில் இறக்கிவிட்டார் இவர்.

"நான் என்ன சின்னக் கொழந்தையாங்க?"

அட்லாண்டிக் சிட்டி சூதாட்ட விடுதிகளுக்குப் பகடை செய்யும் தொழிற்சாலை அது. எனக்கு, பகடையில் குறை இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. மேனேஜர் ஃபிராங்க் பகடைகள் அடுக்கிய ஒரு தட்டை என் முன்னால் வைத்தார். சிவப்பு, பச்சை, நீலம், தேன் நிறம் என்று அந்தப் பக்கம் தெரிகிற கண்ணாடிக் கட்டிகளாக மின்னின. மூன்று சிவப்புப் பகடைகள் மட்டும் மூச்சுப்பட்ட கண்ணாடி மாதிரி மங்கி, தொட்டால் சொரசொரவென்று இருந்தன.

"பார்த்துக்கொண்டிருங்கள், ஒரு போன் பேசிவிட்டு வருகிறேன்" என்று போய்விட்டார் ஃபிராங்க்.

ஆகா, இதுதான் பரீட்சை! மூன்று அழுக்குப் பகடைகளை வைத்துவிட்டு நான் என்ன செய்கிறேன் என்று பார்க்கிறார்! கைப்பையில் அம்மா அனுப்பிய பழனி விபூதிப் பொட்டலம் இருந்தது. எங்கள் வீட்டு வெள்ளி விளக்கெல்லாம் விபூதியில்தான் பளபளக்கும். கைக்குட்டையில் கொட்டிக்கொண்டு தேய்த்தேன், தேய்த்தேன், அப்படித் தேய்த்தேன். போன் பேச்சு நீளமானதாக இருந்தது என் துரதிர்ஷ்டம்.

திரும்பி வந்தவர் தட்டைப் பார்த்தார். "அந்த மூன்றும் எங்கே?"

"இதோ!" என்று பெருமையோடு நீட்டினேன்.

மனிதருக்கு முகம் வெளுத்துவிட்டது. அந்த மங்கல் அழுக்கே இல்லையாம். மேஜை விளக்கில் கண் கூசாமல் இருக்க, வேண்டுமென்றே சொரசொரப்பாக்குவார்களாம். 'சாண்ட் ஃபினிஷ்' என்று பெயராம். ஒரு விடுதிக்காரரிடம் அன்று மாலை காட்டுவதற்காக வைத்திருந்த மாதிரிகளாம்.

அப்புறம்தான் மேஜையில் சிந்தியிருந்த வெள்ளைப் பொடி அவர் கண்ணில் பட்டது. சந்தேகத்தோடு விரலால் தொட்டார். டெலிவிஷன் போலீஸ்காரர் மாதிரி நாக்கில் வைத்துப் பார்த்தார். "என்ன இது?"

கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன். "பர்ன்ட் கவ் டங், சார்."

அவ்வளவு பெரிய உடம்பு அவ்வளவு வேகமாகக் குழாயடிக்கு ஓடி நான் பார்த்ததில்லை.

காரில் ஏறியதும் ஓவென்று அழுதேன். "எல்லாம் போச்சுங்க. மெட்ராஸுக்கு டிக்கெட் போட்டுடுங்க."

நடந்ததைக் கேட்டுவிட்டு இவர் சிரித்த சிரிப்பில், பத்து நிமிடம் காரை எடுக்க முடியவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இரண்டு நாள் கழித்து ஃபிராங்கே போன் செய்தார். குறை பார்க்கும் வேலை எனக்குச் சரிப்படாதாம். ஆனால், வெறும் கைக்குட்டையாலும் சாம்பலாலும் அப்படிப் பளபளக்க வைத்தவருக்குப் பாலிஷ் பிரிவில் இடம் உண்டாம். ஒரே நிபந்தனை, பொடியைக் கம்பெனியே கொடுத்துவிடும்! போனை வைத்துவிட்டு மறுபடி அழுதேன். இந்த முறை சந்தோஷத்தில்.

எனக்கு விபூதி இட்டுக்கொண்டதும் ஒரு சிட்டிகை வாயிலும் போட்டுக்கொள்ளும் பழக்கம் உண்டு. எங்கள் வீட்டில் இன்றுவரை அதற்கு ஒரே பெயர்தான். கோவிலில் என் கை வாய்ப்பக்கம் போனால் போதும், குருக்கள் முன்னாலேயே மகள் கேட்பாள்:

"அம்மா, ஃபிராங்க் பண்றியா?"