குனிஞ்சானின் ஒரே சேசிஸ்

வில்லியனூரில் ஓடுகிற வண்டிகளில் குனிஞ்சான் அடியில் படுத்துப் பார்க்காத வண்டி ஒன்றுகூடக் கிடையாது. கல்யாணத்துக்குப் போனால் ஊரெல்லாம் மாப்பிள்ளையைப் பார்க்கும். அவர் மாப்பிள்ளை வந்த காருக்கு அடியில் இருப்பார். ஒருமுறை ரோட்டோரம் நின்ற போலீஸ் ஜீப்புக்கு அடியிலும் போய்விட்டார். இரண்டு கால் மட்டும் வெளியே தெரிந்தது. ஏட்டு லத்தியால் தட்டி, "யார்ரா அது?" என்றால் உள்ளேயிருந்து பதில் வருகிறது: "ஆயில் ஒழுகுது சார், பாத்துக்கோங்க."

அவருக்கு வீட்டில் வைத்த பேர் எனக்குத் தெரியாது. லோடு வண்டி ஸ்டாண்டில் எல்லாருக்கும் அவர் குனிஞ்சான்தான். அந்த ஸ்டாண்டை ஒட்டித்தான் என் இட்லிக் கடை. என் இட்லியைப் பற்றி நானே சொல்லக் கூடாது. ஆனாலும் அந்தப் பக்கம் அப்படி ஓர் இட்லி கிடையாது.

குனிஞ்சானிடம் இருந்தது சின்ன பிக்கப். பக்கத்தில் நிற்கும் தனபாலிடம் அதே கம்பெனியின் பெரிய பிக்கப். தனபால் ஆளும் பெரிய உருவம், சலவை கலையாத வெள்ளைச் சட்டை. இரண்டு வண்டிக்கும் அடியில் புகுந்து வந்த நாளிலிருந்து குனிஞ்சானுக்கு ஒரே பேச்சு.

"தனபாலு, உன்னுதும் என்னுதும் ஒரே சேசிஸ்பா, அடிச்சட்டம் ஒண்ணுதான். மேல பாடிய மட்டும் மாத்தி, சின்னது பெருசுன்னு பேர் வச்சு விக்கிறான்."

"இன்னாய்யா சொல்ற? என் வண்டி உன் வண்டிக்கு அண்ணனா?"

"அண்ணன் இல்லப்பா, ரெட்டப் புள்ள. உன்னுது கொஞ்சம் ஜாஸ்தி தின்னுடுச்சு."

தனபால் அன்றைக்கு டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

குனிஞ்சான் என்னிடமும் வந்தார். "ஆயா, உனக்குத் தெரியாததா? ஒரே மாவு. தட்டுல ஊத்துனா இட்லி, கல்லுல ஊத்துனா தோசை."

"போய்யா. தோசைக்குத் தண்ணி விட்டுக் கரைக்கணும். இட்லி மாவ அப்படியே கல்லுல ஊத்துனா மொத்தையாத்தான் வரும்."

"அந்தத் தண்ணிதான் ஆயா பாடி!" என்று துள்ளினார். அவரை மறுத்துப் பேசுவது, எரிகிற அடுப்புக்கு விறகு எடுத்துக் கொடுப்பது மாதிரி.

பேச்சோடு நின்றால் பரவாயில்லை. பழைய இரும்புக் கடையில் பெரிய பிக்கப்பின் பின்தொட்டி ஒன்றைப் பிடித்து வந்து தன் வண்டியில் ஏற்றி முடுக்கிவிட்டார். அப்பா சட்டையைப் போட்டுக்கொண்ட பையன் மாதிரி வண்டி பின்னால் தொங்கியது. "ஒரே சேசிஸ், தாங்கும்" என்றார்.

அந்த நேரத்தில்தான் எனக்கு முதல் கல்யாண ஆர்டர் வந்தது. பாகூரில் ஒரு மண்டபம், பெண் அழைப்பன்று சாயந்திரப் பலகாரம். பெண்ணின் மாமன் என் காதுபடவே, "ரோட்டுக்கடை இட்லிய சம்பந்தி முன்னாடி வைக்கப் போறீங்களா?" என்று கேட்டிருந்தார். இட்லி பிசகினால் அந்தப் பேச்சு வில்லியனூர் வரைக்கும் வரும். அப்புறம் நான் கடையில் தலை நிமிர்ந்து உட்கார முடியாது.

பெரிய ஆர்டருக்குப் பெரிய வண்டி என்று மாவு டிரம்களைத் தனபால் வண்டியில் ஏற்றினேன். இட்லிப் பானையும் தட்டும் குனிஞ்சான் வண்டியில் பின்னால் வந்தன.

உச்சி வெயிலில், பாகூருக்கு இன்னும் தூரம் இருக்கும்போது, தனபால் வண்டிக்கு அடியில் 'கடகட'வென்று சத்தம். பின்சக்கரத்தைச் சுற்ற வைக்கும் நீளத் தண்டு உடைந்து ரோட்டில் இழுபட்டது. அந்த வெயிலில் மாவு சும்மா இருக்குமா? டிரம் மூடிகள் ஒவ்வொன்றாகத் தலையைத் தூக்க ஆரம்பித்தன. நான் ஒரு மூடியை அமுக்கினால் அடுத்தது எழுந்தது.

குனிஞ்சான் முகத்தில் மட்டும் தீபாவளி. "ஒரே சேசிஸ் ஆயா! என் தண்ட கழட்டி அவனுக்கு மாட்டிடறேன்!"

கழற்றினார். தனபால் வண்டிக்கு அடியில் புகுந்தார். இரும்பில் இரும்பு இடிக்கிற சத்தம் வந்துகொண்டே இருந்தது.

"இன்னாய்யா ஆச்சு?" என்றார் தனபால்.

"எட்டலப்பா. ஒரு சாண் கொறையுது."

"ரெட்டப் புள்ளைன்னியே!"

"உன்னுது வளந்துடுச்சு" என்றார் உள்ளேயிருந்து. குரல் அழுகிற மாதிரி இருந்தது.

"உங்க ரெண்டு பேர் சண்டைய அப்பறம் வச்சுக்கோங்க. என் மாவு பொங்கிப் போவுது. போச்சுன்னா என் மானமும் போச்சு!" என்று நான் போட்ட சத்தத்தில் தண்டு தன் சொந்த வண்டிக்குத் திரும்பியது. டிரம்கள் எல்லாம் சின்ன வண்டிக்கு மாறின. குனிஞ்சான் ஸ்டார்ட் செய்தார். பின்னால் நீட்டிக்கொண்டிருந்த தொட்டி கீழே அமுங்க, முன்சக்கரம் இரண்டும் நிதானமாகத் தரையை விட்டு எழுந்தன.

முன்னால் பாரம் வேண்டும். இரண்டு பேரும் தனபாலைப் பார்த்தோம்.

"நானா? பானட்டு மேலயா?"

"ஏறுய்யா, உன் கால்ல வுழறேன்" என்றேன். என் வயசில் நான் யாரிடமும் சொல்லாத வார்த்தை.

ஏறினார். முன்சக்கரம் தரையைத் தொட்டது. வெள்ளைச் சட்டையோடு அவர் சாமி ஊர்வலம் மாதிரி வீற்றிருக்க, நடக்கிற வேகத்தில் வண்டி போனது. வயலில் நடவு நட்ட பெண்கள் வேலையை விட்டுவிட்டுச் சிரித்தார்கள். குனிஞ்சான் ஜன்னலுக்கு வெளியே கழுத்தை நீட்டி, "கொஞ்சம் சாஞ்சுக்கபா, ரோடு தெரியல!" என்று வழியெல்லாம் கத்தினார். நான் பின்னால் டிரம்களைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன். மாதாவையும் விடவில்லை.

மண்டபம் சேர்ந்தபோது ஒரு டிரம்மில் பாதி வழிந்திருந்தது. மீதி நின்றது. முதல் ஈடு இறக்கித் துணியை உரித்தேன், பூப்போல வந்தது. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

தனபால் தன் வண்டிக்கு மெக்கானிக்கைத் தேடிப் போய்விட்டார். கல்யாண வீட்டில் டிரைவர்களுக்குக் கடைசிப் பந்திதான். குனிஞ்சான் வாசலில் கை கழுவிக்கொண்டு நின்றார். முழங்கை வரை கிரீஸ். நான் அவர் தோளைப் பிடித்து வந்து முதல் பந்தியில், முதல் இலையில் உட்கார வைத்தேன்.

"இன்னாம்மா இது? சம்பந்தி வூட்டுக்காரங்க ஒக்காந்திருக்காங்க. டிரைவருக்கா மொத எலை?" என்றார் மாமன்.

"வேணாம் ஆயா, அப்பறமா சாப்புடறேன்" என்று அவர் எழப் பார்த்தார்.

"ஒக்காருய்யா."

சூடாக இட்லி வைத்துச் சாம்பார் ஊற்றினேன். பந்தி முழுக்கக் காத்திருந்தது. போதும் போதும் என்று அவர் இலையைக் கையால் மறைக்கிற வரை, நான் அடுத்த இலைக்குப் போகவில்லை.