ஆயத்தக்காரர் தூண்டில் எறிந்த சனிக்கிழமை

ஆயத்தக்காரர் என்றோர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு காரியத்தைச் செய்கிறாரோ இல்லையோ, அந்தக் காரியத்துக்கு அவரைப்போல ஆயத்தமாக இருப்பவரை உலகத்தில் வேறெங்கும் காண முடியாது. எல்லா ஊரிலும் இந்த இனம் வளரும். ஆனால் ரொறன்ரோவில், பனிக்காலம் தரும் ஐந்து மாத வீட்டுக்காவலில், அது வளரும் செழிப்பே தனி.

உதாரணத்துக்கு, சென் ஜேம்ஸ் ரவுணில் பதினான்காம் மாடியில் குடியிருக்கும் தில்லையம்பலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். போத்தல் மூடி செய்யும் தொழிற்சாலையில் வேலை. தொண்ணூறாம் ஆண்டு வந்திறங்கி, இந்தத் தொண்ணூற்றாறு வரை, ஆறு வருடமாகப் பாஸ் மீன் பிடிக்க ஆயத்தம் செய்கிறார். பாஸ் என்பது இங்குள்ள ஏரிகளில் வாழும், வாய் அகன்ற, முன்கோபக்கார மீன். புழு கோத்துப் போட்டாலும் கடிக்கும். ஆனால் புழுவில் தெரிவு செய்ய என்ன இருக்கிறது? எல்லாப் புழுவும் ஒரே நிறம். ஆகவே அவர் லூர் பக்கம் போனார். லூர் என்றால் பொய் இரை. மரத்திலும் ரப்பரிலும் தகட்டிலும் செய்து, கண் வைத்து, வண்ணம் தீட்டி, வயிற்றில் கொக்கி தொங்கவிட்ட பொம்மை. அப்படி நூற்று நாற்பத்து மூன்று பொம்மைகள், மூன்று தட்டுப் பெட்டியொன்றில், வரவேற்பறை அலுமாரியில் கல்யாண அல்பத்துக்கு மேலே இருக்கின்றன. நீளமானதுக்கு முரல் என்றும் வயிறு பெருத்ததுக்குப் பேத்தை என்றும் ஊர் மீன்களின் பெயரையே வைத்திருக்கிறார். அவற்றில் அநேகமானவை இன்னும் தண்ணீரைக் கண்டதில்லை.

மனைவி கமலாம்பிகை ஒரு சேலை வாங்கப் போய் முப்பது சேலையை விரிக்கச் சொல்லி, கடைசியில் முதல் விரித்ததையே வாங்குவதைப் பற்றி அவர் போகிற வீடெல்லாம் பகிடி சொல்வார். அந்தப் பகிடி முடிந்ததும் லூரைப் பற்றித் தொடங்குவார்.

"கோடை தொடக்கத்திலை மீன் கரைக்கு வந்து நிக்கும். தண்ணி தெளிஞ்சால் வெள்ளி. கலங்கினால் எலுமிச்சைப் பச்சை. முகில் மூடினால் கறுப்பு. உதிலை பிழைவிட்டால் அது திரும்பியும் பாராது."

"நீங்கள் எத்தினை பிடிச்சனியள், அண்ணை?" என்று யாரும் கேட்டுவிடக் கூடாது. கேட்டால், "பிடிக்கிறது பெரிய வேலையில்லை" என்பார். அது உண்மைதான். பெரிய வேலையாக இருந்திருந்தால் ஆயத்தத்தோடு சேர்த்து அதையும் செய்திருப்பாரே!

வினை மே மாதத்தில் வந்தது. பக்கத்து நகரமான அஜக்சில் கமலாம்பிகையின் தமையன் சண்முகநாதன் வீட்டில் பிறந்தநாள் விழா. கேக் வெட்டி முடித்த கையோடு, சபை நிறைந்திருக்க, சண்முகநாதன் வாயைத் திறந்தார்.

"மச்சான், ஆறு வருசமாக் கதைதான் கேக்கிறம். சீசன் துறக்கிற அண்டைக்கு பிக்கரிங் ஏரிக்கரையிலை நீர் மீனைப் பிடியும். அந்த இடத்திலையே நாங்கள் கூழ் காய்ச்சிறம். பதினாலு பேர் வருவம், சரியோ?"

சபை கைதட்டியது. தில்லையம்பலம் சரி என்றார். வேறென்ன சொல்வது? பனங்கிழங்கு மாவில் மீன் போட்டுக் காய்ச்சும் ஒடியல் கூழ், மீன் இல்லாமல் கூழாகாது. மீன் வராவிட்டால் அதன் பிறகு அஜக்ஸ் பக்கம் லூர் என்ற சொல்லையே அவர் உச்சரிக்க முடியாது. மீன் இல்லாமல் ஒரு மனுசன் வாழலாம். அந்தப் பேச்சு இல்லாமல் எப்படி வாழ்வது? அன்றிரவு அவருக்கு நித்திரையே வரவில்லை, பாவம்.

யூன் மாதக் கடைசிச் சனிக்கிழமை, பாஸ் பிடிக்கச் சட்டம் அனுமதிக்கும் முதல் நாள், காலை ஆறு மணிக்கெல்லாம் மனைவியோடு கரையில் நின்றார். பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர், பெட்டியுமில்லை தட்டுமில்லை, வண்ணமெல்லாம் உரிந்துபோன ஒரேயொரு லூரோடு எறிந்துகொண்டிருந்தார். தில்லையம்பலம் அதைப் பார்த்து உள்ளூர இரக்கப்பட்டார். பிறகு பெட்டியைத் திறந்தார். தண்ணீர் தெளிவு, ஆகவே வெள்ளி முரல். முரலைக் கட்டி, எச்சில் தொட்டு முடிச்சை இறுக்கியபோது காற்று எழும்பித் தண்ணீர் கலங்கியது. அவிழ்த்துப் பேத்தையைக் கட்டினார். முகில் வந்தது. பேத்தையை அவிழ்த்துக் கறுப்பு ரப்பர் புழுவைக் கட்டினார். முகில் போனது. கிழவர் ஒரு மீனைத் தூக்கினார். முகில் திரும்ப வந்தது. கிழவர் இன்னொன்றைத் தூக்கினார், தொப்பியைத் தொட்டு வணக்கம் சொன்னார், வீட்டுக்குப் போனார்.

"இஞ்சருங்கோ, ஏதாவது ஒண்டை எறியுங்கோவன்," என்றாள் கமலாம்பிகை.

"ஏதாவது ஒண்டோ? உது என்ன, சேலையே?"

எட்டு ஐம்பத்தெட்டுக்கு முடிவாயிற்று. எலுமிச்சைப் பச்சையில் சிவப்புப் புள்ளி வைத்த பேத்தை; ஒருமுறையும் நனையாதது. கையை ஓங்கினார். ஓங்கிய கையில் மணிக்கூடு தெரிந்தது. சனிக்கிழமை ஒன்பதுக்கு இராகு காலம்! முடிச்சை இன்னொருமுறை இழுத்துப் பார்ப்பதற்குள் ஒன்பதும் அடித்துவிட்டது. மூன்று வருடத்துக்கு முன் ஒரு புது லூரை இராகு காலத்தில் முதல் எறி எறிந்து, அது அப்படியே தண்ணீருக்குள் கிடந்த மரக்குற்றியில் மாட்டி அறுந்துபோனது. அதன் பிறகு அவர் புது லூரை நல்ல நேரத்தில்தான் நனைப்பார்.

சரி, பத்தரைக்கு முடிந்துவிடுமே என்பீர்கள். அங்கேதான் நீங்கள் ஆயத்தக்காரரை அறியவில்லை. கலண்டரில் போட்டிருப்பது ஒன்பது தொடக்கம் பத்தரை. ஆனால் கனடாவில் கோடையில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி வைக்கிறார்கள். அப்படியானால் இராகு வருவது பத்துக்கா, ஒன்பதுக்கா? அரசாங்கம் மணியை மாற்றியது இராகுவுக்குத் தெரியுமா? இரண்டையும் தாண்டுவதே புத்தி என்று தீர்மானித்து, பதினொன்றரை வரை தூண்டிலை மடியில் வைத்துக்கொண்டு குந்தியிருந்தார்.

பதினொரு மணிக்கு சண்முகநாதன் வீட்டார் காஸ் அடுப்போடும் கிடாரம் போன்ற பானையோடும் வந்து இறங்கினார்கள்.

"மச்சான், எத்தினை?"

"இன்னும் நேரம் வரேல்லை."

தமையனின் மகள் அட்சயா வந்து எட்டிப் பார்த்தாள். இங்கே வளர்ந்த பிள்ளை. "மாமா, ஜஸ்ற் த்ரோ இற்!"

தில்லையம்பலத்தின் காதுமடல் சிவந்தது. பதினாலு பேர். தண்ணீர் கொதித்தது. மாக்கரைசல் காத்திருந்தது. 

பதினொன்று முப்பத்தொன்று. எறிந்தார்.

லூர் புல்லோரமாக விழுந்து ஒருதரம் வாலாட்டியது. தண்ணீர் பிளந்தது. தடி வளைந்தது. சனம் கூக்குரலிட்டது. இழுத்தார், விட்டார், இழுத்தார். மூன்று இறாத்தலுக்குக் குறையாத பாஸ் ஒன்று புல்லில் வந்து விழுந்து துள்ளியது. ஆறு வருடத்தில் முதல் மீன்! தில்லையம்பலம் பாய்ந்து முழங்காலில் விழுந்து, கொக்கியைக் கழற்றி, இரண்டு கையாலும் ஏந்தி வெயிலில் தூக்கிப் பிடித்தார்.

லூரை.

"பாத்தியளோ! எலுமிச்சைப் பச்சை! சிவப்புப் புள்ளியிலைதான் பல்லுப் பட்டிருக்கு! நான் சொன்னனா, இல்லையா?"

"மாமா, த ஃபிஷ்!" என்று கத்தினாள் அட்சயா. மீன் ஒரு துள்ளுத் துள்ளியது. இன்னொரு துள்ளில் கரையோரம். மூன்றாவதில் 'தொபுக்'.

 சண்முகநாதன் தண்ணீரைப் பார்த்தார், கொதிக்கும் பானையைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார்.

"மீன் எங்கை, ஐசே?"

"மீன் கிடக்கட்டும் மச்சான். நிறத்தைப் பாரும்!"

கமலாம்பிகை வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த குளிர்ப்பெட்டியைத் திறந்து, துண்டு போட்டுக் கழுவி வைத்திருந்த விளைமீனையும் இறாலையும் எடுத்துப் பானையில் கொட்டினாள். "இவரோடை இருபத்திரண்டு வருசம், அண்ணை," என்று மட்டும் சொன்னாள். அவள் குரலில் கோபமில்லை.

கூழ் அருமையாக இருந்தது. தில்லையம்பலம் மூன்று கோப்பை குடித்தார். அவ்வளவு சந்தோசமாக அவரை யாரும் கண்டதில்லை. மூன்றாவது கோப்பையில் ஆடி மாதத்துக்கு என்ன நிறம் என்று தொடங்கினார். அஜக்ஸ்காரர் கேட்கத்தான் வேண்டியிருந்தது. கண்ணால் கண்ட சாட்சிகள் அல்லவா?

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும் உங்கள் பேஸ்மென்ற் பக்கம் ஒருதரம் போய்வாருங்கள். எட்டுக் கடை ஏறி இறங்கி வாங்கிய அந்த உடற்பயிற்சி மெசினில் இப்போது காய்வது யாருடைய இடுப்புச் சாரம்? நாவல் எழுதவென்று தாளின் வழுவழுப்பைத் தடவித் தடவித் தெரிவு செய்த கொப்பியில், உங்கள் பெயருக்குப் பிறகு ஒரு வரியாவது உண்டா? நாளைக்கே தொடங்கப் போகிறேன், நல்ல நேரம்தான் பார்க்கிறேன் என்கிறீர்களா?

பாருங்கள். கோடை நேரத்துக்கு ஒரு மணித்தியாலம் கூட்டிக்கொள்ள மட்டும் மறந்துவிடாதீர்கள்.