எழுதுங்க பாயும் என் ஒன்பது வயது லேப்டாப்பும்

தாம்பரத்தில் இறங்கி மேடவாக்கம் வரை நடந்தால் லேப்டாப் ரிப்பேர் கடைகள் வழியெல்லாம் வரும். ஆனால் லேப்டாப்பைத் தொடாமலேயே ரிப்பேர் பார்க்கும் மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் கடை செம்பாக்கத்தில், ஏரிக்குப் போகிற தெருவில் இருக்கிறது. போர்டில் 'மிக்ஸி, கிரைண்டர், லேப்டாப்' என்று அதே வரிசையில் எழுதியிருக்கும். அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவோ, எங்கள் ஏரியாவுக்கு அவர் 'எழுதுங்க பாய்'.

யார் எதைக் கொண்டுபோனாலும் முதலில் ஒரு நாற்பது பக்க நோட்டை நீட்டுவார். "உள்ள இன்னா இன்னா கீதுன்னு எழுதுங்க. போச்சுன்னா அழுவோம்னு தோணுறது ஒண்ணு வுடாம எழுதுங்க."

எங்கள் தெரு மாமி ஒருவர், "மிக்ஸிக்குள்ள எழுத என்ன இருக்கு?" என்று சண்டைக்கே போனார்.

"கடைசியா இன்னா அரைச்சீங்க?"

"கொத்தமல்லி சட்னி."

"அத்த எழுதுங்க."

மேடவாக்கம் அபார்ட்மென்டிலிருந்து கழுத்தில் அடையாள அட்டையோடு ஒருவர் வந்தார். "நானே ஐ.டி.லதான் இருக்கேன் பாய், எனக்கேவா?" என்று சிரித்தார். "அப்ப இன்னும் நல்லா எழுதுவீங்க சார்" என்றார் பாய். அந்த மனிதர் மூன்றாவது வரியில் பேனாவை நிறுத்தினார், வியர்த்தார், லேப்டாப்பை அணைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினார். என்ன ஞாபகம் வந்ததோ!

எழுதிக் கையெழுத்துப் போட்டதும் கஸ்டமரையே டீ வாங்க அனுப்புவார். இரண்டு கடை தள்ளி டீக்கடை இருக்கிறது. ஊஹூம். "அவன் போடறது டீயா சார்? வெந்நீர். பஸ் ஸ்டாப்பாண்ட போங்க" என்று பிளாஸ்க்கைக் கையில் திணிப்பார். வெயிலில் போய்த் திரும்பினால் லேப்டாப் வைத்த இடத்தில் வைத்தபடி இருக்கும். பாய் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "நம்ம தொடமாட்டோம். உங்க பொருள், உங்க விரல். நீங்களே அழுத்துங்க." அவர் வாயால் சொல்லச் சொல்ல, நாம்தான் செய்ய வேண்டும்.

இப்போது என் லேப்டாப்புக்கு வருகிறேன். அதற்கு வயது ஒன்பது. காலையில் அதை ஆன் செய்துவிட்டுப் பல் தேய்த்து, குளித்து, தண்ணீர் லாரிக்காரரோடு சண்டை போட்டுவிட்டு வந்தாலும் திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். பழைய ஆபரேட்டிங் சிஸ்டத்தை வழித்தெறிந்துவிட்டுப் புதிதாகப் போடுவது என்று முடிவு செய்தேன். மூன்று வீடியோ பார்த்தேன். மூன்றிலும் "ரொம்ப சிம்பிள் மக்களே" என்றார்கள். மூன்றாவது வீடியோ முடிந்தபோது நான் கிட்டத்தட்ட இன்ஜினியர்.

என் மனைவி சுமதி பள்ளியில் கணக்கு டீச்சர். அன்று சனிக்கிழமை, ஸ்பெஷல் கிளாஸுக்குப் போயிருந்தாள். அவள் ஒரு வாரமாக உட்கார்ந்து தயாரித்த அரையாண்டுத் தேர்வு வினாத்தாள், வேறெங்கும் பிரதி இல்லாமல், அந்த லேப்டாப்புக்குள்தான் இருந்தது. இது உங்களுக்கு இப்போதே தெரிந்துவிட்டது. எனக்குப் பதினொன்றரை மணிக்குத்தான் தெரிந்தது.

லேப்டாப்போடு கடையில் போய் நின்றேன். பாய் நோட்டை நீட்டினார். கம்பீரமாக ஏழு வரி எழுதினேன்: கல்யாண போட்டோ, பழைய பாட்டு, கேஸ் சிலிண்டர் புக் ஸ்கேன், இப்படி. எல்லாவற்றையும் பென்டிரைவில் ஏற்றியும் வைத்திருந்தேன்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான் பாய்."

"வூட்ல கேட்டீங்களா?"

"என் லேப்டாப்புக்கு வீட்ல எதுக்குக் கேக்கணும்?"

பாய் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "சரி. டீ."

டீ வாங்கி வந்து வேலையை ஆரம்பித்தோம். ஆபரேட்டிங் சிஸ்டம் இருந்த இன்னொரு பென்டிரைவைச் செருகி, ஆன் ஆகும்போதே ஒரு பட்டனைத் தட்ட வேண்டும். "புடிச்சிகினு நிக்காதீங்க சார். மிக்ஸி மாதிரி, விட்டு விட்டு." தட்டினேன். திரை நீலமாகி, டிஸ்க்கில் இருக்கும் பாகங்களைப் பட்டியல் போட்டது.

"இதெல்லாம் அழிச்சாத்தான் புதுசு ஏறும். அழிக்கலாமா?"

"அழிச்சிடலாம்" என்றேன், எதிரிக் கோட்டையை இடிக்க உத்தரவிடும் ராஜாவைப் போல.

நாற்பது சதவிகிதம் ஏறியபோது சுமதி போன் செய்தாள்.

"என்னங்க, லேப்டாப்ல 'டென்த் மேத்ஸ்'னு ஒரு ஃபோல்டர் இருக்கு பாருங்க. அதுல இருக்கற கொஸ்டின் பேப்பரை மெயில் பண்ணுங்க. ஒரு மணிக்குள்ள ஹெச்.எம்.கிட்ட குடுக்கணும்."

"அது... ஸ்கூல் கம்ப்யூட்டர்ல இல்லியா?"

"அது ரிப்பேர்னு ஒரு வாரமா சொல்லிட்டிருக்கேன். நீங்க ம்ம், ம்ம்னு தலையாட்டினீங்க."

போனை வைத்தேன். வேறு பெயரில் ஓசூர் பக்கம் போய்ப் பிழைத்துக்கொள்ளலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். அடுத்த கணம் சார்ஜர் ஒயரைப் பிடுங்கினேன். பேட்டரி எப்போதோ செத்திருந்ததால் லேப்டாப் பொட்டென்று அணைந்தது. அழித்தது திரும்பி வந்துவிடும் என்ற நம்பிக்கையில் பென்டிரைவை உருவித் தலைகீழாகச் செருகப் பார்த்தேன். அது போகவில்லை. நானும் விடவில்லை.

பாய் நிதானமாக நோட்டைப் புரட்டினார். "கொஸ்டின் பேப்பர் லிஸ்ட்ல இல்லியே சார்."

"பாய், என்னைக் கொன்னுடுவா பாய்!"

"கையெழுத்துகூட போட்டுகீறீங்க."

"பாய்!"

அவர் எழுந்தார். ரிப்பேருக்கு வந்த மிக்ஸிகள் அடுக்கியிருந்த ஷெல்ஃபிலிருந்து ஒரு சட்னி ஜாரை எடுத்து மூடியைத் திருகினார். உள்ளே துணியில் சுற்றி ஒரு ஹார்ட் டிஸ்க். மேலே ஒட்டிய சீட்டில் என் பெயர்.

"இது...?"

"உங்களுதுதான். நீங்க டீக்குப் போனப்ப கழட்டிட்டு வேற ஒண்ண மாட்டினேன். நீங்க ராஜா மாதிரி அழிச்சது அதுலதான்."

"நீங்கதான் தொடவே மாட்டீங்களே பாய்!"

"ஒம்போது வருஷ லேப்டாப்ல ஏழே ஐட்டம்னு ஒருத்தர் எழுதினா எப்டி சார் தொடாம இருக்கறது?"

சுற்றிலும் பார்த்தேன். ஷெல்ஃபில் இன்னும் நாலைந்து ஜார்களில் இப்படிப் பெயர்ச் சீட்டு இருந்தது. பஸ் ஸ்டாப் டீயின் மகிமை அப்போதுதான் விளங்கியது. அது நாலு ஸ்க்ரூ கழற்றி மாட்டுகிற தூரம். பக்கத்துக் கடைக்குப் போனால் பாதி வேலையில் வந்து நின்றுவிடுவோம்.

பாய் அந்த டிஸ்க்கைத் தன் பழைய கம்ப்யூட்டரில் ஒரு ஒயர் போட்டு இணைத்தார். 'டென்த் மேத்ஸ்' இருந்தது. பன்னிரண்டே காலுக்கு வினாத்தாளை அனுப்பினேன். "ஏன் இவ்ளோ லேட்டு?" என்றாள் சுமதி. "நெட் ஸ்லோ" என்றேன். உண்மை அவளுக்கு இந்தப் பக்கத்தைப் படிக்கும்போதுதான் தெரியப்போகிறது. வாசகர்கள் எனக்காகப் பிரார்த்திக்கவும்.

பிடுங்கிய ஒயரை மறுபடி செருகி, முதலிலிருந்து ஆரம்பித்து, சாயங்காலத்துக்குள் புது சிஸ்டத்தைப் போட்டு முடித்தேன். நானே போட்டேன், என் விரலால்! "பழைய டிஸ்க் ஒரு மாசம் ஜார்லயே கெடக்கட்டும்" என்றார் பாய். "இன்னும் இன்னா இன்னா மறந்தீங்கன்னு மெதுவா தெரியும்." தெரிந்தது. மூன்று முறை போனேன்.

அன்று கடையிலிருந்து கிளம்பும்போது பிளாஸ்க் திறக்கப்படாமல் அப்படியே இருந்ததைக் கவனித்தேன். "டீ ஆறிடும் பாய்."

"நம்ம டீ குடிக்கறதில்ல சார். அசிடிட்டி."

போன வாரம் என் பழைய டெஸ்க்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனேன். நோட்டு வந்தது. இந்த முறை சுமதியிடம் கேட்டுக்கொண்டு போயிருந்ததால் ஒன்றரைப் பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பாய் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். முதல் வரியிலேயே நின்றுவிட்டார்.

"இன்னா சார், நம்ம கடை அட்ரஸ எழுதிகீறீங்க? இது கம்ப்யூட்டர்க்குள்ள இல்லியே."

"போச்சுன்னா அழுவோம்னு தோணுறதை எழுதச் சொன்னீங்களே பாய்" என்று சொல்லிவிட்டு, பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன். மெதுவாகத்தான் நடந்தேன்.